கடலில் மின்னும் பொருளுக்கு லூசிஃபெரின் என்று பெயர் வந்த கதை

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சார், அமாவாசை ராத்திரி அப்பாவோட வலை இழுக்கப் போனேன். கயிறு தண்ணியில பட்ட இடமெல்லாம் நீலமா மின்னுச்சு. போன்ல தேடினா 'பயோலூமினெசென்ஸ்'னு வருது. லூசிஃபெரின்னு ஒரு பொருள்தான் அந்த வெளிச்சத்தைக் குடுக்குதாம். லூசிஃபர்னா சாத்தான் ஆச்சே? அம்மாகிட்டச் சொன்னதும் சிலுவை போட்டுக்கிட்டாங்க. பேர் வச்சவங்க தெரிஞ்சுதான் வச்சாங்களா? லூமினெசென்ஸ், லூசிஃபெரின் ரெண்டும் ஒரே சொல்லுல இருந்து வந்ததா?"

தெரிந்துதான் வைத்தார்கள் தம்பி. ஆனால் சாத்தானை நினைத்து வைக்கவில்லை. லத்தீனில் லூசிஃபர் என்றால் 'ஒளியைச் சுமந்து வருவது', அவ்வளவுதான். அது ஒரு வேலையின் பெயர். அந்த வேலையைச் செய்யும் எதையும், யாரையும் அப்படிச் சொல்லலாம். பிற்காலத்தில்தான் அது ஓர் ஆளின் பெயராக மாறியது, அதுவும் ஒரே ஒரு வசனத்தைப் படித்த விதத்தால். கடைசிக் கேள்விக்குப் பதில்: ஆமாம், இரண்டும் ஒரே வேரில் கிளைத்த இரண்டு கொப்புகள். அம்மாவுக்கு இவ்வளவு போதும். உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். நான் சில காலம் குருமடத்தில் லத்தீன் படித்தவன், இந்த மாதிரி கேள்வி வந்தால் சும்மா இருக்க முடியாது.

முதலில் 'லூக்ஸ்'. லத்தீனில் ஒளிக்குப் பொதுச்சொல் இதுதான். நம் மொழியில் 'மரம்' என்ற சொல் வேற்றுமை உருபு ஏறும்போது 'மரத்தை', 'மரத்தில்' என்று வேறு உடம்பு எடுத்துக்கொள்கிறது அல்லவா, லத்தீனிலும் அப்படித்தான். எழுவாயாக நிற்கும்போது லூக்ஸ். 'ஒளியினுடைய' என்றால் லூக்கிஸ். ஆக உண்மையான அடிச்சொல் 'லூக்'. எழுவாயில் அதன் வாலில் ஒரு 'ஸ்' ஒட்டியதால்தான் லூக்ஸ் ஆனது. லத்தீன் சொற்களை அகராதியின் முதல் வடிவத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பாதி உறவு தெரியாமல் போய்விடும். உருபு ஏற்றிப் பார்க்க வேண்டும்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் குழம்பும். பழைய ரோமர்கள் அந்த எழுத்தை எப்போதும் 'க்' என்றுதான் சொன்னார்கள். அவர்கள் வாயில் அது 'லூக்கிஃபெர்'. கோயிலில் பாடிய லத்தீன் இத்தாலிய வழக்கில் போவதால் அங்கே 'லூச்சிஃபெர்'. இங்கிலீஷ்காரர்கள் வாயில் 'லூசிஃபர்'. மூன்றும் ஒரே எழுத்துக்கூட்டல்தான்.

அந்த லூக்கிலிருந்து இங்கிலீஷுக்குப் போனவை ஒரு பட்டாளம். தெளிவாகப் பேசுகிறவனை லூசிட் என்பார்கள். (நம் ஊர் 'லூசு' அந்த வம்சமில்லை. அது 'தளர்ந்த' என்று பொருள்படும் லூஸ் என்ற வேறு இங்கிலீஷ் சொல். ஒரு எழுத்து தள்ளிப்போனால் பொருள் நேர் எதிர்!) விளக்கிச் சொல்வது எலூசிடேட், அதாவது உள்ளே இருப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. ஒளி ஊடுருவி வருவது டிரான்ஸ்லூசென்ட்.

'லூமென்' என்பதும் அதே குடும்பம்தான், ஆனால் பார்த்தால் தெரியாது. மிகப் பழைய வடிவம் 'லௌக்ஸ்மென்' மாதிரி இருந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர்கள் கட்டமைக்கிறார்கள். நடுவிலிருந்த 'க்ஸ்' தேய்ந்து போய், முன்னால் இருந்த 'லௌ' என்ற ஒலி 'லூ' என்று மாறி, லூமென் ஆனது. நிலவைக் குறிக்கும் 'லூனா'வும் இதே வழியில் 'லௌக்ஸ்னா'விலிருந்து தேய்ந்து வந்தது. லூமென் உருபு ஏற்றால் 'லூமின்' என்ற அடிச்சொல் வெளியே வரும். அதிலிருந்து லூமினஸ், இல்லூமினேஷன் எல்லாம். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் இருக்கும் 'லூமினஸ்' என்ற பெயரும் இதுதான். எல்இடி பல்பு அட்டையில் வாட்டுக்குப் பக்கத்தில் லூமென் என்று ஒரு கணக்குப் போட்டிருக்கும். பல்பு வெளியே தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு அது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் விழுந்தால் அதற்கு ஒரு லக்ஸ் என்று பெயர். லூக்ஸ், லூமென் என்ற அண்ணன் தம்பி இரண்டு பேரும் இப்படி அளவைகளாகிவிட்டார்கள்.

லூமெனுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ரோமர்கள் வீட்டில் வெளிச்சம் வரும் திறப்பையும், அதாவது ஜன்னலையும் லூமென் என்றே சொன்னார்கள். அந்தத் திறப்புப் பொருளைப் பிடித்துக்கொண்டுதான் மருத்துவர்கள் ரத்தக்குழாயின் உள்ளே இருக்கும் வெற்றிடத்தை லூமென் என்கிறார்கள். நர்ஸிங் படிக்கும் பிள்ளைகள் யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே ஒளியே கிடையாது, பெயர் மட்டும் ஒளி.

சரி, இப்போது 'ஃபெர்'. லத்தீனில் 'ஃபெர்ரே' என்றால் சுமப்பது, கொண்டுவருவது. இதை நாம் தினமும் வாயில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆபீசில் டிரான்ஸ்ஃபர் என்றால் அப்பால் கொண்டுபோவது. டாக்டர் மதுரைக்கு ரெஃபர் செய்தால், மறுபடி ஓரிடத்துக்குக் கொண்டுசெல்வது. கடையில் ஆஃபர் என்றால் முன்னால் கொண்டுவந்து வைப்பது. நம் மாவட்டத்தில் போர்வெல் போட இடம் பார்க்க வரும் நிலத்தடி நீர்க்காரர்கள் 'அக்விஃபர்' என்பார்களே, அது நீரைச் சுமக்கும் பாறை அடுக்கு. அதே அச்சில் வார்த்தது லூசிஃபர்: நீரைச் சுமந்தால் அக்விஃபர், ஒளியைச் சுமந்தால் லூசிஃபர். அக்விஃபரைப் பார்த்து யாரும் சிலுவை போடுவதில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். ஃபெர்ரேயின் வேரும், சமஸ்கிருதத்தில் 'சுமை' என்று பொருள்படும் பாரத்தின் வேரும் ஒன்றே. நாம் 'நெஞ்சு பாரமா இருக்கு' என்று சொல்லும் பாரம், வடமொழி வழியே நமக்கு வந்த அந்தக் குடும்பத்துச் சொல். லூக்ஸுக்கும் அப்படி ஓர் உறவு உண்டு. சமஸ்கிருதத்தில் 'ருச்' என்றால் ஒளிர்தல். ஒளிர்வது கண்ணுக்குப் பிடிக்கும், பிடித்தது நாக்குக்கும் போனது, அதுதான் ருசி. 'காரல் குழம்பு ருசியா இருக்கு' என்று சொல்லும்போது லூசிஃபரின் ஒன்றுவிட்ட உறவுக்காரர் ஒருவர் நம் சட்டியில் இருக்கிறார். இங்கிலீஷின் 'லைட்' கூட லத்தீனிலிருந்து வந்ததல்ல. அது ஜெர்மானியக் கிளையில் இறங்கி வந்த அதே வேர். கிரேக்கக் கிளையில் 'லியூக்கோஸ்' என்றால் வெள்ளை. லுக்கேமியா என்ற நோயின் பெயர் அங்கிருந்து வருகிறது.

இப்போது சாத்தான் விவகாரத்துக்கு வருவோம்.

ரோமர்கள் லூசிஃபர் என்று சொன்னது பெரும்பாலும் ஒரே ஒன்றை: விடியலுக்கு முன் கிழக்கே எழும் வெள்ளியை. கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டில் சிசரோ என்ற ரோமானிய எழுத்தாளர் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்: சுக்கிரன் சூரியனுக்கு முன்னால் போகும்போது கிரேக்கர் அதை ஃபாஸ்ஃபோரஸ் என்கிறார்கள், லத்தீனில் லூசிஃபர், பின்னால் வரும்போது ஹெஸ்பெரோஸ் என்று. நமக்கு அது விடிவெள்ளி. கிழக்கே அது முளைத்துவிட்டால் பொழுது விடியப் போகிறது என்று கணக்கு வைப்பது இந்தக் கரையில் கடலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரோமானியக் கப்பல்காரனும் அதையேதான் பார்த்து அதே கணக்கைப் போட்டான்.

பழைய ஏற்பாட்டில் ஏசாயா 14-ஆம் அதிகாரம் 12-ஆம் வசனம். பாபிலோன் அரசனைக் கேலி செய்யும் பாட்டு அது. எட்டாத உயரத்தில் இருந்த நீ இப்படி விழுந்தாயே என்கிறது. எபிரெய மூலத்தில் 'ஹேலேல் பென் ஷாஹர்', ஏறக்குறைய 'ஒளிர்பவனே, விடியலின் மகனே'. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் அதை 'விடியலைக் கொண்டுவருவது' என்று பொருள்படும் விடிவெள்ளிச் சொல்லால் சொன்னார்கள். பிறகு லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம், விடிவெள்ளிக்கு லத்தீனில் என்ன சொல் இருந்ததோ அதையே போட்டார்: லூசிஃபர். அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. சொல்லப்போனால் இரண்டாம் பேதுரு முதல் அதிகாரம் 19-ஆம் வசனத்தில், 'விடிவெள்ளி உங்கள் இருதயங்களில் உதிக்குமளவும்' என்று வருகிறதே, அங்கேயும் லத்தீன் விவிலியத்தில் இருப்பது இதே லூசிஃபர்தான். இதயத்தில் சாத்தான் உதிக்கட்டும் என்று பேதுரு எழுதியிருக்க முடியாது.

ஜெரோம் எவ்வளவு தூரத்து ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். வைகை கடலில் கலக்கும் அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானியக் காசுகள் கிடைத்தன. தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ் காலத்துக் காசுகளும் அவற்றில் உண்டு. அந்த அரசர்கள் ஆண்ட நாலாம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஜெரோம் பெத்லகேமில் உட்கார்ந்து பழைய ஏற்பாட்டை லத்தீனுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். லத்தீன் எழுத்துப் பொறித்த காசு நம் கரையில் கை மாறிய காலத்திலேயே லூசிஃபர் என்ற சொல்லும் அந்த வசனத்துக்குள் போய் உட்கார்ந்தது.

அப்புறம் எப்படிச் சாத்தான் ஆனது? லூக்கா நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார்: 'சாத்தான் மின்னலைப்போல வானத்திலிருந்து விழுகிறதைக் கண்டேன்.' இங்கேயும் வானத்திலிருந்து விழுதல், அங்கேயும் வானத்திலிருந்து விழுதல். ஓரிஜென் போன்ற ஆரம்பகாலத் திருச்சபை ஆசிரியர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்தார்கள்; விழுந்த பாபிலோன் அரசன், விழுந்த வானதூதனின் நிழல் என்று விளக்கினார்கள். இது ஜெரோமுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் லத்தீன் மட்டுமே விவிலியமாக இருந்த மேற்கில், அந்த வசனத்தில் நின்ற விடிவெள்ளிச் சொல்லே விழுந்த தூதனின் சொந்தப் பெயர் என்று நூற்றாண்டுகளாகப் படிந்துவிட்டது. 1611-இல் அரசர் ஜேம்ஸ் காலத்து இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த இடத்தில் 'விடிவெள்ளி' என்பதற்கான இங்கிலீஷ் சொல்லைப் போடாமல், லத்தீனை அப்படியே 'லூசிஃபர்' என்று விட்டார்கள். அதைப் படித்தவனுக்கு அது பெயராகத்தானே தெரியும்? என்னைக் கேட்டால் விஷயத்தைக் கெட்டிப்படுத்தியது அந்த இடம்தான்.

நம்முடைய தமிழ் விவிலியத்தை எடுத்து அதே வசனத்தைப் பாருங்கள். 'அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே, நீ வானத்திலிருந்து விழுந்தாயே!' லூசிஃபர் என்ற சொல்லே அங்கே இல்லை. ஆக, தமிழில் மட்டும் விவிலியம் படித்த பாட்டிகளுக்கு அந்த வசனத்தில் லூசிஃபர் தெரிந்திருக்க நியாயமில்லை. பிரசங்கம் வழியாகவும் சினிமா வழியாகவும் இங்கிலீஷிலிருந்து வந்து சேர்ந்தவர் அவர்.

இன்னும் இரண்டு சாட்சி சொல்கிறேன். நாலாம் நூற்றாண்டில் சார்தீனியாத் தீவின் காலியாரியில் ஆயராக இருந்தவரின் பெயரே லூசிஃபர். கொள்கைச் சண்டையில் விட்டுக்கொடுக்காத ஆள், அவரைப் பின்பற்றியவர்களுக்கு எதிராக ஜெரோமே எழுதியிருக்கிறார். அன்றைக்கு அது பிள்ளைக்கு வைக்கும் நல்ல பெயர். இரண்டாவது சாட்சி உங்கள் கோயிலிலேயே இருக்கிறது. பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவில், விளக்கெல்லாம் அணைத்து, புது நெருப்பில் பாஸ்கா திரியை ஏற்றி, 'கிறிஸ்துவின் ஒளி இதோ' என்று மூன்று தடவை பாடிக்கொண்டு வருவார்கள் அல்லவா? லத்தீனில் அது 'லூமென் கிறிஸ்தி'. அதன் பிறகு திரிக்கு முன்னால் நின்று நீளமாக ஒரு புகழுரை பாடப்படும். லத்தீன் மூலத்தில் அதன் முடிவுப் பகுதியில் 'லூச்சிஃபெர் மாத்துதீனுஸ்' என்று வரும். இந்தத் திரியின் சுடரை விடிவெள்ளி வந்து எரியக் காணட்டும், அஸ்தமனம் அறியாத அந்த விடிவெள்ளி என்று சொல்லி, அடுத்த மூச்சில் அது உம் மகன் கிறிஸ்துவே என்கிறது. உலகம் முழுக்க லத்தீனில் பாஸ்கா இரவு கொண்டாடும் இடங்களில் இன்றைக்கும் திருத்தொண்டர் கிறிஸ்துவைப் பார்த்து லூசிஃபர் என்று பாடிக்கொண்டுதான் இருக்கிறார். அரைகுறை லத்தீன் தெரிந்த யாரோ அதை வீடியோ எடுத்து 'வத்திக்கானில் சாத்தான் வழிபாடு' என்று போட்டு, அது நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் வரைக்கும் வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு மேலே சொன்ன பேதுரு வசனத்தைக் காட்டினால் போதும்.

இனி விஞ்ஞானிகள் எப்படி இந்தச் சொல்லைப் பிடித்தார்கள் என்று பார்க்கலாம்.

ஃபிரான்ஸில் ரஃபாயல் துபுவா என்று ஓர் உடலியல் ஆய்வாளர். 1885-இல் ஒளிவிடும் வண்டு ஒன்றிலும், 1887-இல் கடலோரப் பாறையைத் துளைத்து உள்ளே வாழும் ஒரு மட்டியிலும் சோதனை செய்தார். அந்த மட்டி சாதாரணமானதல்ல. கி.பி. 79-இல் இறந்துபோன ரோமானிய எழுத்தாளர் பிளினி அதைப் பற்றி எழுதியிருக்கிறார்: இருட்டில் தின்கிறவர்களின் வாயில் மின்னும், கையில் மின்னும், சொட்டுச் சிந்திய தரையிலும் துணியிலும் மின்னும் என்று. துபுவா செய்தது ரொம்ப எளிமையான வேலை. மட்டியின் ஒளிரும் சதையைக் குளிர்ந்த தண்ணீரில் அரைத்தார். கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு அணைந்துவிட்டது. இன்னொரு பங்கைச் சுடுதண்ணீரில் போட்டார். அது மின்னவே இல்லை. சுடுதண்ணீர்ச் சாறு ஆறியதும், அணைந்துபோன குளிர்ந்த சாற்றில் அதை ஊற்றினார். மறுபடி ஒளி வந்தது.

இரண்டு செத்த சாறு சேர்ந்தால் உயிர் வருகிறது என்றால், ஆளுக்கொரு பாதிப் பொருள் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். குளிர்ந்த சாற்றில் எரியும் பொருள் தீர்ந்துவிட்டது, எரிய வைக்கும் நொதி மிச்சம். சுடுதண்ணீர்ச் சாற்றில் நொதி சூட்டில் கெட்டுவிட்டது, எரியும் பொருள் மிச்சம். எரியும் பொருளுக்கு லூசிஃபெரின் என்றும், நொதிக்கு லூசிஃபெரேஸ் என்றும் துபுவா பெயர் வைத்தார். ஒளியைத் தாங்கி நிற்கும் பொருள் என்ற நேரடிப் பொருளில்தான் வைத்தார். அந்தக் காலத்துப் படித்தவர் எல்லாருக்கும் லத்தீன் தெரியும் என்பதால் விளக்கம் தேவைப்படவில்லை. பெயருக்கு முன்மாதிரியும் ஊரில் புழங்கியது: 1830 வாக்கில் லண்டனில் சாமுவேல் ஜோன்ஸ் என்பவர் தீக்குச்சியை 'லூசிஃபர்' என்ற பெயரில் விற்றார். டச்சு மொழியில் இன்றைக்கும் தீக்குச்சிக்கு லூசிஃபர் என்றுதான் பெயர். கடைக்குப் போய் ஒரு பெட்டி லூசிஃபர் கேட்பார்கள்.

லூசிஃபெரின் என்பது ஒரே ஒரு வேதிப்பொருளின் பெயர் இல்லை என்பதையும் தம்பி கவனிக்க வேண்டும். மின்மினியின் லூசிஃபெரின் வேறு, ஜெல்லி மீன் வகையினது வேறு, கடலில் மின்னும் நுண்ணுயிரினது வேறு. அமைப்பு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது. ஆக்சிஜனோடு சேர்ந்து ஒளி தரும் வேலையை எது செய்தாலும் அதற்கு லூசிஃபெரின் என்றே பெயர். வண்டியை ஓட்டுகிறவர் யாரானாலும் டிரைவர் என்கிறோமே, அப்படி. விவிலியத்தில் ஆள்பெயராக உறைந்துபோன சொல்லை வேதியியல் மறுபடி வேலைப்பெயராக்கி வைத்திருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது இதுதான். 1956-இல் ஒரு கடல் ஓட்டுயிரியின் லூசிஃபெரினைப் படிகமாகப் பிரித்தெடுத்தவர் ஜப்பானின் ஒசாமு ஷிமோமுரா. ஜெல்லி மீனில் பச்சையாக ஒளிரும் புரதத்தைக் கண்டறிந்ததற்காக 2008-இல் நோபல் பரிசும் வாங்கினார். மின்மினியின் லூசிஃபெரேஸை வைத்து இன்று உணவுத் தொழிற்சாலைகளில் மேசை சுத்தமாக இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கருவியில் வைத்தால், அழுக்கில் ஒட்டியிருக்கும் உயிர்ப்பொருளுக்கு ஏற்றபடி வெளிச்சம் வரும், கருவி எண்ணைக் காட்டும்.

லூமினெசென்ஸ் கொஞ்சம் பிந்தியது. 1888-இல் ஜெர்மனியின் ஐல்ஹார்ட் வீடெமான் உண்டாக்கியது. சூடாவதால் மட்டும் வராத ஒளி எல்லாவற்றுக்கும் ஒரு பொதுப்பெயர் வேண்டியிருந்தது. லூமினின் பின்னால் 'எசென்ஸ்' ஒட்டினார். லத்தீனில் அந்த வால் ஒரு செயல் தொடங்கி நடப்பதைக் குறிக்கும். வளரத் தொடங்கும் பருவம் அடாலெசென்ஸ் ஆனதும் அதனால்தான். முன்னால் ஒட்டிய 'பயோ' (உயிர்) கிரேக்கம். கிரேக்கத் தலையும் லத்தீன் உடம்புமாக இருக்கிறதே என்று மூக்கைச் சுளிக்கும் பண்டிதர்கள் உண்டு. டெலிவிஷனும் அதே கலப்புதான், யாரும் அதனால் டிவி பார்க்காமல் இல்லை.

நம் பக்கம் பெரியவர்கள் பலர் 'கடல்ல பாஸ்பரஸ் இருக்கு, அதான் மின்னுது' என்பார்கள். அது சரியில்லை, ஆனால் அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்பது சுவையானது. கிரேக்க 'ஃபாஸ்ஃபோரஸ்' என்பதும் 'ஒளி சுமப்பது'தான், லூசிஃபருக்கு நேர்ச்சொல். அதில் 'ஃபாஸ்' என்ற ஒளிப்பகுதியும் சமஸ்கிருத 'பாஸ்' என்பதும் ஒரே வேர். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அந்தப் பாஸ் நன்றாகத் தெரியும்: 1897 ஜனவரியில் பாம்பனில் வந்திறங்கிய விவேகானந்தரை வரவேற்ற பாஸ்கர சேதுபதியின் பெயரில் இருப்பது அதுவே. இருட்டில் தானாக ஒளிரும் எதையும் முன்பு ஐரோப்பாவில் ஃபாஸ்ஃபோரஸ் என்றார்கள். 1669-இல் ஹென்னிக் பிராண்ட் என்ற ஜெர்மானிய ரசவாதி காய்ச்சி எடுத்த தனிமத்துக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கடல் மின்னுவதற்கும் அதே சொல்லிலிருந்து பெயர் வைத்துவிட்டதால், தனிமம் கடலில் கரைந்திருக்கிறது என்று பிற்காலத்தில் எண்ணிக்கொண்டார்கள். நம் கடலில் மின்னுவதற்கும் அந்தத் தனிமம் மின்னுவதற்கும் சம்பந்தமில்லை.

தம்பி பார்த்தது எந்த உயிர் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஒளிரும் நுண்ணுயிர்கள் பல உண்டு. அவற்றில் பெயர்பெற்றது நாக்டிலூகா. 'நாக்ட்' இரவு, 'லூக்' நாம் பார்த்த அதே ஒளி. ரோமில் பாலத்தீன் குன்றின் மேல் நிலவுத் தெய்வத்துக்கு இரவில் விளக்கெரியும் கோயில் ஒன்று இருந்தது என்றும், அதனால் அவளுக்கு நாக்டிலூகா என்று பெயர் என்றும் வர்ரோ என்ற ரோமானிய அறிஞர் எழுதியிருக்கிறார். அந்தப் பெயரைத்தான் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும் ஓர் ஒற்றைச் செல் உயிருக்கு வைத்திருக்கிறார்கள். நிறைய இருக்கும் நாளில் கண்ணாடி டம்ளரில் கடல்நீரை மொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், ஊடுருவித் தெரியும் சின்னச் சின்ன உருண்டைகள் மேலே மிதப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். இருட்டில் டம்ளரைத் தட்டினால் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மின்னி அணையும். கயிறு உரசிய இடத்தில் மட்டும் மின்னியது அதனால்தான். அசைவு இல்லையென்றால் ஒளி இல்லை.

இந்த நாக்டிலூகா மன்னார் வளைகுடாவில் மிதமிஞ்சிப் பெருகினால் தொல்லை. 2008 அக்டோபரிலும் 2019 செப்டம்பரிலும் தென்கடல் பச்சையாகிப் போய் மீன்கள் செத்து ஒதுங்கியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பூங்கோரை என்று ஊரில் சொன்னார்கள். பெருகிய உயிர்கள் மடிந்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துபோவதுதான் முக்கியக் காரணம். மின்னுவது கெடுதல் செய்வதில்லை. செத்து ஒதுங்கிய மீனை மட்டும் எடுத்துச் சமைக்க வேண்டாம்.

மின்னுவதைப் பார்க்கக் கடலுக்கே போக வேண்டும் என்றும் இல்லை. வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், விசைப்படகுகள் அள்ளிக்கொண்டு வரும் காரல் மீனின் உணவுக்குழாயைச் சுற்றி ஓர் ஒளியுறுப்பு இருக்கிறது. அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் ஒளி தருகின்றன. மீன் தன் வயிற்றுப் பக்கமாக அந்த ஒளியைக் கீழே விட்டுக்கொள்கிறது. மேலேயிருந்து வரும் வெளிச்சத்தோடு அது கலந்துவிடுவதால், கீழே நிற்கும் பெரிய மீனுக்குக் காரலின் நிழல் தெரிவதில்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அந்த பாக்டீரியாவின் பெயர் ஃபோட்டோபாக்டீரியம்; அதில் இருக்கும் 'ஃபோட்டோ' கிரேக்கம், நம் பாஸ்கரன் வகையறா.

கடைசியாக, கேட்காவிட்டாலும் அடுத்து கேட்பீர்கள் என்று தெரிந்து சில பெயர்கள். லக்ஸ் சோப்பு லத்தீன் ஒளிதான்; 1900-இல் அந்தப் பெயர் வைத்தார்கள். ஆனால் லக்சுரி வேறு. அது மிதமிஞ்சியதைக் குறிக்கும் 'லூக்ஸுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, ஒளியோடு உறவில்லை. இரண்டும் காதில் ஒன்றாக விழுவது சோப்புக்காரர்களுக்கு லாபம். டியூப் லைட்டின் 'ஃப்ளோரசென்ட்' இன்னும் வேடிக்கை: 1852-இல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி அந்தச் சொல்லை ஃப்ளோரைட் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து உண்டாக்கினார். உலோகம் உருக்கும்போது இளகி ஓட உதவுவதால் அந்தக் கனிமத்துக்கு 'ஓடுவது' என்று பொருள்படும் லத்தீன் பெயர். அந்தச் சொல்லில் ஒளிக்கான வேரே இல்லை. நம் கரையில் இருக்கும் லூசியாக்கள் எல்லாரும் ஒளி. டிசம்பர் 13-இல் திருநாள் வரும் புனித லூசியாவைக் கண்ணுக்குப் பாதுகாவலி என்று வேண்டிக்கொள்வதும் அந்தப் பெயரால்தான் வலுப்பட்டது. லூக்காவை, தென் இத்தாலியில் லூக்கானியா என்ற நிலப்பகுதியோடு சேர்த்துத்தான் பெரும்பாலும் விளக்குகிறார்கள். லூர்து என்பது ஃபிரான்ஸில் ஓர் ஊரின் பெயர், அதற்கும் லூக்ஸுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.